சிங்கப்பூர்க் குழாயடியில் ஒரு மாம்பழ நிறப் புடவை

கடல் கடந்து போகிறவர்கள் ஊறுகாய் கொண்டுபோவார்கள், அப்பளம் கொண்டுபோவார்கள், சாமி படம் கொண்டுபோவார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனேன். இதைச் சொன்னால் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே இன்றைக்கும் சிரிக்கிறது. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர்தான் என்னைப் பயமுறுத்தி அனுப்பிவைத்தவர்கள்.

என் தங்கை தனலட்சுமியைச் சிங்கப்பூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சண்முகம் பக்கத்து ஊரான தாமல்காரர். பிழைக்கப் போன இடத்தில் தண்ணீர் இலாகாவில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் பெண் பத்மாவுக்குக் கல்யாணம். எங்கள் வகையில் முகூர்த்தப் புடவை தாய்மாமன் வீட்டிலிருந்து போக வேண்டும். தாய்மாமன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவனாக இருந்துவிட்டால் அந்தச் சாயமும் அவன் கையால் போட்டதாக இருக்க வேண்டும். நான் சாயக்காரன். தப்பிக்க வழியில்லை. உடலுக்கு மாம்பழ மஞ்சள், கரைக்கு அரக்கு. எதிர் வீட்டுத் தறியில் நெய்து வந்ததைப் பார்த்து எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் டீக்கடையில் பேச்சு எழுந்தது. கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், "அந்தத் தீவுல ஆறு கிடையாதுபா. குடிக்கிற தண்ணி பக்கத்து நாட்டுலேருந்து குழாய்ல வந்துக்கினு இருக்குது. அவன் கோச்சிக்கினு குழாயைத் திருகிட்டான்னு வையி, இவங்க பல்லு கூட விளக்க முடியாது" என்றார். இந்த வருஷம் அங்கே மழையும் சரியில்லையாம், பேப்பரில் பார்த்தேன் என்று இன்னொருவர் நெய் ஊற்றினார். பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகமாகப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு இந்தப் பயம் வரவே கூடாது. வந்தது. வீட்டுக்குப் போய்ப் பெரிய பால் பவுடர் டின் ஒன்றைக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து மூடியைச் சுற்றிப் பற்றவைத்து வாங்கிவந்தேன். போய் இறங்குகிற அன்றைக்காவது நாக்கு நனையட்டும் என்று ஏற்பாடு.

"அங்க மனுஷங்கதானே இருக்காங்க? குடிக்காமயா இருக்காங்க?" என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. நான் டின்னைத் துண்டில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் புடவை மூட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன்.

கப்பலில் நான் படுத்த இடத்துக்குப் பக்கத்தில் நாகூர் பாய் ஒருவர். மளிகை வியாபாரி, பலமுறை போய்வந்தவர். கப்பல் சாம்பாரில் மிதந்தது முருங்கைக்காயா கயிறா என்று நாங்கள் இருவரும் ஒவ்வொரு வேளையும் ஆராய்ச்சி செய்தோம். கடைசிவரை முடிவு எட்டவில்லை. என் தண்ணீர்க் கவலையை மெல்ல அவரிடம் எடுத்தேன். டின்னைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அவர் வெற்றிலையை மென்றபடி, "நாம போற இந்தக் கப்பலே அங்க போயித்தாங்க தண்ணி பிடிக்கும். போற வர்ற கப்பலுக்கெல்லாம் குடுக்குற ஊரு, உங்களுக்கு ஒரு சொம்பு குடுக்காதா?" என்றார். அப்பாடா என்று படுத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இருப்பதை எல்லாம் கப்பல்களுக்கே ஊற்றிவிட்டால் ஊருக்கு என்ன மிஞ்சும்? பயப்படத் தெரிந்தவனுக்கு நல்ல சேதியும் ஒரு சாக்குத்தான்.

துறைமுகத்தில் சோதனை அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். துண்டை விலக்கி டின்னை எடுத்தார். காதருகே வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, காலி டின்னுக்கு எதற்கு இத்தனை பாதுகாப்பு என்பது போல என்னைப் பார்த்து, திரும்ப வைத்துப் போகச் சொல்லிவிட்டார். உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் பக்கத்திலேயே புடவை மூட்டையாக உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் நடுவில் மூட்டையைப் பிரிக்கவும் துணிவில்லை.

சண்முகம் வெளியே காத்திருந்தார். வீடு போகிற வழியெல்லாம் அவர் ஊரைக் காட்டினார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே போனேன். அரசாங்கம் கொடுத்த வரிசை வீடு. முன் சுவரில் தண்ணீர் மீட்டர், பின்னால் குளியலறை, பின்வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மாவின் வீடு. உள்ளே நுழைந்ததும் ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். சாயக்காரன் எந்தத் தண்ணீரையும் சும்மா விழுங்க மாட்டான், நாக்கில் நிறுத்திப் பார்ப்பான். லேசாக மருந்து வாசம். மற்றபடி உப்புக் கிடையாது, கனம் கிடையாது, பட்டுக்கென்றே செய்தது போல மெத்தென்று இருந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு கிணறு இருந்தால் அதற்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். நான் இதற்குப் போட்டியாக டின்னில் ஊற்றி எடுத்து வந்திருக்கிறேன்.

சண்முகம் சட்டத்தைச் சொன்னார். மழை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, ஏரிகள் இறங்கிவிட்டன. தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று தெருவெல்லாம் படம் ஒட்டியிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஆளுக்கு ஒரு வாளிதான் குளியல். "மச்சான், தப்பா நினைக்காதீங்க. தண்ணி ஆபீஸ்காரன் வீட்டு மீட்டர் வேகமா ஓடினா ஊரே சிரிக்கும்." தாமல் ஏரித் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய குடும்பம். ரத்தத்திலேயே இருக்கிறது.

அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பத்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நானும் தங்கை தனமும் மூட்டையைப் பிரித்தோம். டின் பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது. வழிந்த தண்ணீர் துருவையும் கூட்டிக்கொண்டு புடவைக்குள் இறங்கி, சாவகாசமாக உலர்ந்திருந்தது. மடிப்பு மடிப்பாக இருந்ததால் ஒரு கறை பல கறையாகி, விரித்தால் மாம்பழக் கடலில் பழுப்புத் தீவுகள். ஒரு தீவுக்கு வந்தவன் ஒரு கூட்டத் தீவுகளையே கையோடு கொண்டுவந்திருந்தேன்.

தனம் ஒரு தீவை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, "அண்ணா, புடவைக்குத் தேமல் வந்திருக்குது" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டது சிரிப்பதற்கா அழுவதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது. வார முடிவில் கல்யாணம்.

சாயங்காலம் இரண்டு பேரும் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு செரங்கூன் ரோட்டுக்குப் போனோம். ஒரு ஜவுளிக்கடையில், அசல் காஞ்சிபுரம் என்று எனக்கே ஒரு புடவையை விரித்துக் காட்டினார்கள். அசல்தான். அந்தச் சாயத்தைப் போட்டவன் எங்கள் ஊரில் எவன் என்று கூடத் தெரிந்தது. அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் போட்ட சிவப்பை என் தங்கை மகள் மணவறையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், நான் ஊர் திரும்பாமல் இங்கேயே தேங்காய் உரிக்கப் போய்விடலாம். தனம் என் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்ணா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் வாங்கிக் கொடுத்த பரோட்டா நம் ஊர் பரோட்டாவைவிட மெல்லிசு. கண்ணாடி போல இருந்தது, அந்தப் பக்கம் என் கவலை தெரிந்தது.

மறுநாள் சண்முகத்துக்கு விடுமுறை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறேன் என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றினார். பாதி வழியில் பஸ் பொங்கி நின்றது. கண்டக்டர் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் காப்பிக் கடைக்கு ஓடினார். கடைக்காரச் சீனர் குழாய்ப் பக்கமே போகாமல், தம்ளர் அலசிய தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிவிட்டுச் சீனத்தில் ஏதோ சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "எஞ்சினுக்கு நாக்கு இல்ல, கழுவின தண்ணியே போதும்னு சொல்றான்" என்றார் சண்முகம். வண்டியும் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பியது.

கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட பாதை. அந்தக் கரை ஜோகூர், வேறு நாடு. பாதையோரமாகப் பெரிய பெரிய குழாய்கள் படுத்திருந்தன. ஒரு கன்றுக்குட்டி நிமிர்ந்து உள்ளே நடக்கலாம். காது வைத்துக் கேட்டேன். வெயிலில் சுட்டதுதான் மிச்சம். அங்கே உள்ள ஆற்றுத் தண்ணீர் இதன் வழியாக வருகிறது, சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கு அவர்களுக்கே திரும்பிப் போகிறது என்று சண்முகம் விளக்கினார். டீக்கடையில் எழுந்த கேள்வியை நான் கேட்டேவிட்டேன்.

"அவங்க கோச்சிக்கினு மூடிட்டா?"

"கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கறோம், அப்படியெல்லாம் மூட முடியாது மச்சான். ஆனா அந்தப் பயம் எல்லாருக்கும்தான் இருக்குது. அதனாலதான் நடுக்காட்டுல ஏரி வச்சிருக்காங்க, சுத்தி ஒரு ஆளைக் குடியிருக்க விட மாட்டாங்க. சமுத்திரத்துல போயி விழற ஓடைங்களோட வாயை அடைச்சு இன்னும் ஏரி கட்டணும்னு பேசிக்கினு இருக்காங்க. அப்புறம் இருக்கவே இருக்குது என் வேலை."

அவர் வேலை கசிவு பிடிப்பது. நிலத்துக்கடியில் ஓடுகிற குழாய்களில் எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு முனையில் சின்னக் கிண்ணம் போல இருக்கும் நீளக் கம்பி. கம்பியைக் குழாய் மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் சீறுவது கேட்குமாம். ஓட்டைகளில் போகிறதைப் பிடித்தாலே ஒரு ஏரிக்குச் சமானம் என்றார். ஒரு நாடே பயந்துபோய், அந்தப் பயத்தை இவ்வளவு ஒழுங்காக வேலையாக மாற்றி வைத்திருக்கிறது. நான் பயந்து செய்த ஒரே வேலை ஒரு டின்னைப் பற்றவைத்தது.

திரும்பிவந்து பின்வாசலில் உட்கார்ந்திருந்தபோது வழி கிடைத்தது. மலாய்க்கார அம்மா பித்தளைப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். புளிக்குப் பதிலாக விரல் நீளத்தில் பச்சைக் காய் ஒன்றை நறுக்கித் தேய்த்தார். அவர் வீட்டு மரத்தில் அடிமரம் முழுக்கக் காய்த்துத் தொங்கியது. ஒன்றை வாங்கிக் கடித்தேன். காது வரை புளித்தது. துருவைப் புளிப்பு தின்னும் என்பது சாயக்காரனுக்குத் தெரிந்த விஷயம். சாயம் பட்டில் பிடிக்கவே நாங்கள் கொஞ்சம் புளிப்புத் திராவகம் விடுகிறவர்கள்தான், ஆகவே என் மஞ்சள் இதற்குப் பயப்படாது என்று புத்திக்குத் தெரிந்தது. சண்முகம் ஒரு தூக்கம் போட்ட நேரத்தில் தனம் புடவையைக் காட்டி மலாயில் கேட்டு ஒரு மடி நிறையக் காய் வாங்கிவந்தாள். புடவையைப் பார்த்த அந்த அம்மா சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள். "பொண்ணு கல்யாணத்துப் புடவையா? அப்ப சின்னக் காயா பொறுக்கிக்கோ, அதுதான் கோபக்காரக் காய்."

மறுநாள் சண்முகமும் பத்மாவும் வேலைக்குப் போனதும் ஆரம்பித்தேன். சாற்றைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். தீவுகள் ஒவ்வொன்றாகக் கடலில் முழுகின. மஞ்சள் அசையவில்லை. நான் குளியலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். இடம் போதாமல் முழங்கை இடித்தது.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. புளிப்பை உள்ளே விட்டுவைத்தால் பட்டு நைந்துபோகும், ஜரிகை கறுத்துப்போகும். அலச வேண்டும், அலசிய தண்ணீரில் புளிப்பு அடியோடு போகும் வரை அலச வேண்டும். கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. நான் குழாயைத் திறந்துவிட்டேன். சும்மா இல்லை, முழுசாக. அன்றைக்கும் அதற்கடுத்த நாளும், அவர்கள் வாசலைத் தாண்டியதும் குழாய் திறக்கும், அவர்கள் வருவதற்குள் மூடும். தண்ணீர் கால் வழியாக ஓடி ஓட்டையில் போய்க்கொண்டே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் புளிப்பு பாக்கி. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

சண்முகம் மீட்டரைப் பார்த்துவிட்டு முகம் கறுத்தார். சாப்பிடும்போதே விரலால் தரையைத் தட்டிக் காது கொடுத்துப் பார்த்தார். வீட்டுக்குக் கீழே குழாய் வெடித்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். கசிவு பிடிக்கிறவன் வீட்டிலேயே கசிவு. தனம் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் நான் குளியலறையில் இடுப்பு வரை நனைந்து, புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு குழாயடியில் நிற்கிறேன். வாசலில் வண்டி நிற்கிற சத்தம். சண்முகம் வேலை நேரத்தில் கம்பியோடு வந்துவிட்டார், கூட ஒரு சீனக் கூட்டாளி. குழாயை மூடியிருக்கலாம். பயத்தில் கை எதிர்ப்பக்கம் திருகி, சத்தம் இன்னும் கூடிவிட்டது. முன்வாசலில் டொக்கென்று கம்பி ஊன்றுகிற ஓசை. பிறகு கூடத்தில். பிறகு அடுக்களைச் சுவரில். பிறகு என் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம். இரண்டு பேரும் காதை வைத்து நிற்பது எனக்கே கேட்டது போலிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். குழாயை அடக்கத் தோன்றவில்லை.

கதவைத் திறந்தேன். சீனர் கம்பியிலிருந்து காதை எடுக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். சண்முகத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கசிவு கிடைச்சிட்டுது, அதுக்கு மீசை இருக்குதுன்னு சொல்றான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். டின், துரு, தேமல், காய், எதையும் விடவில்லை. அவர் புடவையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குழாயை மூடினார். பிறகு கேட்டார்.

"மச்சான், ஊர்ல சித்திரை மாசம் கிணறு வத்தினா எப்படி அலசுவீங்க?"

"மூணு தொட்டி வச்சு. கடைசித் தொட்டித் தண்ணிய அடுத்த தடவைக்கு நடுத் தொட்டிக்கு மாத்துவோம், நடுத் தொட்டியோடது முதத் தொட்டிக்கு."

"அப்ப இங்க?"

"பயத்துல மறந்துட்டேன்பா."

"புடவை என்ன ஆச்சுன்னு கேக்காம தண்ணி என்ன ஆச்சுன்னு கேக்குற மனுஷனைப் பாரு" என்று பின்னாலிருந்து தனம் சொன்னாள். சண்முகம் அதற்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்று அவர் வேலைக்குத் திரும்பவில்லை. சீனக் கூட்டாளி கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, ஆபீசில் கசிவு சரிசெய்யப்படுகிறது என்று சொல்லிவிடுவதாகக் கூறிப் போனார். பொய் என்று சொல்ல முடியாது. மூன்று வாளி வைத்தோம். நான் அலசினேன், சண்முகம் தண்ணீரை மாற்றினார். முதல் வாளியின் கழிவை ஒரு சொட்டு சிந்தாமல் கக்கூசுக்கும் வாசல் கழுவவும் எடுத்துக்கொண்டுபோனாள் தனம். குழாயடியில் இரண்டு நாளாகப் போகாத புளிப்பு இப்படி முறையாக அலசியதில் பிடி விட்டது. குழாய்த் தண்ணீர் ஒரே வழியாக வழிந்து ஓடிப்போகிறது, மடிப்புக்குள் போவதே இல்லை. வாளியில் முக்கினால்தான் உள்ளே போய் வெளியே வரும். இதை நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வெட்கம் தனி.

கடைசி வாளியிலிருந்து ஒரு கை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. எனக்கு என் மேல் நம்பிக்கை போயிருந்ததால், அவரையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிப் பார்த்தார். "தண்ணி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் காலியாயிருந்த முதல் வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்மாவுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று மூவரும் முடிவு செய்தோம். நிழலில் உலர்த்தி மடித்துக் கொடுத்தபோது, அவள் மாம்பழ மஞ்சளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "சூப்பரா இருக்குது மாமா, ஆனா ஏதோ ஊறுகா வாசனை வருதே" என்றாள். காஞ்சிபுரத்துப் பட்டென்றால் அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

கல்யாணம் ஒரு கோயில் மண்டபத்தில். தாலி கட்டி, புடவை முந்தானையையும் மாப்பிள்ளையின் வெள்ளை அங்கவஸ்திரத்தையும் முடிச்சுப் போட்டு, இருவரும் மண்டபத்திலிருந்து சன்னிதிக்குத் திறந்த வெளியில் நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது கொட்டியது. தூறல் கீறல் எதுவும் இல்லை, எடுத்த எடுப்பில் சட்டிசட்டியாகக் கவிழ்த்த மழை. மேளக்காரர்கள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பந்தி போட்டவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்ல சகுனம் என்று கத்தியவர்களும் கத்திக்கொண்டே ஓடினார்கள். சண்முகம் மட்டும் பட்டு வேட்டியோடு நடு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறந்தபடி. அவர் மனது அங்கே இல்லை, காட்டு ஏரிகளுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு அந்த மழையில் தெரிந்தது ஒரே ஒரு பொருள். அந்த முடிச்சு. மாம்பழ மஞ்சளும் வெள்ளையும் இறுகச் சேர்ந்து, சொட்டச் சொட்ட நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. இத்தனை புளிப்பையும் இத்தனை அலசலையும் தாங்கிய சாயம் இப்போது ஒரு இழை இறங்கினாலும் வெள்ளை காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணைப் பெற்றவர் வானத்தைப் பார்க்கிறார், தாய்மாமன் முடிச்சைப் பார்க்கிறான், பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது மாப்பிள்ளைப் பையன் ஒருவன்தான்.

நான் மழைக்குள் ஓடினேன். அவர்கள் முன்னால் போய்க் குனிந்து முடிச்சைக் கையில் பிடித்து, வெள்ளைத் துணியின் நுனியை நன்றாகப் பிழிந்தேன்.

"மாமா, என்னா பண்றீங்க?" என்றாள் பத்மா.

"ஒண்ணுமில்லமா. ஆசீர்வாதம்."

உள்ளங்கையில் நின்ற தண்ணீரைப் பார்த்தேன். அதில் நிறமே இல்லை.